ரிவைஸ்டு சார்

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மின்னஞ்சலின் அடியில் பெயரைவிட நீளமாகப் பட்டங்கள் தொங்க, சைட் ஆபீஸின் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பாரே, அவரேதான். ஈசிஆரில் மாமல்லபுரத்தை ஒட்டிய ஏதோ ஒரு ரிசார்ட்டில் ஒப்பந்த மேலாண்மை, திட்ட மேலாண்மை என்று இரண்டு நாள் பயிற்சி. வஞ்சிரம் வறுவலோடு மதியச் சாப்பாடு. சாயங்காலம் கடற்கரைக் கோயில் முன்னால் குரூப் போட்டோ. பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழுக்கான தேர்வு எழுத 35 மணி நேரப் பயிற்சி வேண்டும். வாங்கிய சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்க மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 60 பிடியு, அதாவது தொடர்பயிற்சிப் புள்ளிகள், சேர்த்துக் காட்ட வேண்டும். ஆகவே அவர் மறுபடியும் ரிசார்ட்டுக்கு வருவார். அதிலெல்லாம் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கற்றுத்தந்த நூறு விஷயங்களில் தொண்ணூற்றொன்பதை ரிசார்ட்டிலேயே விட்டுவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறாரே, அதுதான் வழக்கு. அதற்குப் பெயர் ரீ-பேஸ்லைன், அதாவது முதலில் போட்ட தேதிகளையே மாற்றி எழுதுவது.

வேலை பிந்துகிறது என்று வையுங்கள். மேஸ்திரி என்றால் ராத்திரி ஷிப்ட் போடுவார், கம்பி கட்ட இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவார். ரிவைஸ்டு சார் லேப்டாப்பைத் திறப்பார். பார் சார்ட்டில் சிவப்பாக நிற்கும் பட்டையின் நுனியை மவுஸால் பிடித்து, வலப்பக்கம் இரண்டு மாதம் இழுப்பார். பட்டை பச்சையாகிவிடும். சைட்டில் ஒரு சட்டி கான்கிரீட்கூட விழுந்திருக்காது. தாமதம் மட்டும் தீர்ந்திருக்கும். "ஸ்லாப் மே மாசமே முடியணுமே சார்?" என்று யாராவது கேட்டால், "அது ஒரிஜினல் பேஸ்லைன். நாம இப்ப ரிவிஷன் நாலுல இருக்கோம். அதும்படி பார்த்தா மூணு நாள் முன்னாடியே போறோம்" என்பார். அந்த மூன்று நாளைச் சொல்லும்போது முகத்தில் வரும் பூரிப்பைப் பார்க்கவேண்டும். காரணம் எழுதும் கட்டத்தில் 'எதிர்பாராத மழை' என்றிருக்கும். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை வரும் என்பது செங்கல்பட்டுப் பக்கம் ஏரித் தண்ணீரை நம்பி நாற்று விடுகிற எவருக்கும் தெரியும். பயிற்சி பெற்ற இவருக்கு மட்டும் அது வருஷா வருஷம் ஃபோர்ஸ் மெஜர், யார் கையிலும் இல்லாத பேரிடர். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை இவரிடம் ஒப்படைத்தால், ஏழாம் நூற்றாண்டில் பாதியில் நின்ற வேலையை ரிவிஷன் நானூறில் 'ஆன் ஷெட்யூல்' என்று காட்டிவிடுவார்.

காலக்கெடுவை நீட்டிக்கச் சட்டமே இடம் தருகிறதே என்பார்கள். உண்மைதான். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நீட்டிப்பை அனுமதிக்கிறது. ஆனால் அதன் 55-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: காலக்கெடு முக்கியம் என்று அமைந்த ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே அறிவிப்பு கொடுத்திருந்தால்தான் தாமதத்துக்குப் பின்னால் நஷ்டஈடு கேட்க முடியும். அதாவது, பிந்தியதைப் பிந்தியது என்று அன்றைக்கே வாய்திறந்து சொல்லியாக வேண்டும். சைட்டில் முடிந்த வேலையின் அளவுகளைப் பதிகிற நம்முடைய பழைய எம்-புக்கும் இதே கறாரில் பிறந்ததுதான். பக்கத்துக்கு எண் உண்டு, தாளைக் கிழிக்கக் கூடாது, எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. நீளம் 4.20 என்பது 4.02 என்று விழுந்துவிட்டால், ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, இன்ஷியல் போட வேண்டும். தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தியவரும் தெரிவார். எந்த ரிசார்ட்டுக்கும் போகாத ஜூனியர் இன்ஜினியர்கள் காலங்காலமாகக் கடைப்பிடிக்கும் இந்த ஒழுக்கம் கால அட்டவணைக்கு மட்டும் ஏன் கிடையாது?

பெரிய வேலைகளில் தேதி தவறத்தான் செய்யும் என்பது அடுத்த பதில். அதையும் மறுப்பதற்கில்லை. அதே ஈசிஆரில் தெற்கே கல்பாக்கம். அங்கே 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. 2010-ல் முடிப்பதாகத் திட்டம். உலையின் மையத்தை நிரப்பும் வேலையே ('கோர் லோடிங்') தொடங்கியது 2024 மார்ச்சில். திரவ சோடியத்தைக் கொண்டு குளிர்விக்கும் உலையை இந்த அளவில் நாட்டிலேயே முதன்முறையாகக் கட்டும்போது பிந்துவதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் 2010 என்ற அந்த முதல் தேதி இன்றும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதனால்தான் இவ்வளவு பிந்தியது என்று கணக்குப் போடவும், ஏன் என்று கேட்கவும் முடிகிறது. எதிர்ப்பக்க உதாரணமும் அதே சாலையில்தான் இருக்கிறது. ரஷ்யாவிடமிருந்து கைமாறிய 44-வது செஸ் ஒலிம்பியாட் 2022 மார்ச்சில் சென்னைக்கு என்று முடிவானது. ஜூலை 28 தொடக்கம். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் புது அரங்கம் எழும்பி, 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்து ஆடிவிட்டுப் போயின. அரசே பின்னால் நின்றது, பணத்துக்குத் தட்டுப்பாடில்லை, அதை வைத்து மற்ற வேலைகளை எடைபோடலாமா என்றால், முழுக்கக் கூடாதுதான். ஆனாலும் அங்கே பட்டையை இழுக்க வலப்பக்கத்தில் இடமே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

நியாயமாகப் பார்த்தால் இவரும் பாவம். மாதாந்திர ரிவியூவில் சிவப்பைக் காட்டுகிறவருக்கு மெமோ, பச்சையைக் காட்டுகிறவருக்குப் பாராட்டு. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறவர் எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பார்? அவர் பொய் சொல்வதில்லை. மேலே இருப்பவர்கள் கேட்க விரும்புவதை வண்ணத்தில் வரைந்து தருகிறார். ஆனால் இழுத்த பட்டையின் செலவு அவர் தலையிலும் விழுவதில்லை, மேலே இருப்பவர்கள் தலையிலும் விழுவதில்லை; பயணிகள் தலையில்தான் விழுகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டபோது அதை ஒட்டிய ரயில் நிலையம் தயாராக இல்லை. கைக்குழந்தையும் பெட்டியுமாக வந்து இறங்கியவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் கொடுத்த ஆட்டோ காசை எந்த ஒப்பந்தத்தின் தாமத அபராதத்திலும் யாரும் கழித்துக் கொடுப்பதில்லை.

ஆகவே பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ரிசார்ட்டும் இருக்கட்டும், வஞ்சிரமும் இருக்கட்டும். தேதியை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தச் சொல்லிக் கொடுங்கள். முதல் தேதியை அழிக்காமல் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் புதுத் தேதியை எழுதி, கீழே இன்ஷியல் போடவும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.