தெரியுதா, தம்பி?

ரவாங் மாமாக் கடையில் எல்லாரும் காற்றாடிக்குக் கீழே இடம் தேடுவார்கள். அண்ணன் டியூப் லைட்டுக்குக் கீழே தேடுவார். தே தாரிக் மேசைக்கு வருவதற்குள் தொப்பி கழன்றிருக்கும், தலை குனிந்திருக்கும், விரல் உச்சியில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். "இந்த இடத்துல பாரு. தெரியுதா தம்பி?" தெரியவில்லை என்றால் பார்த்தவன் கண்ணில் கோளாறு. தெரிகிறது என்றால் எத்தனை என்று சொல்ல வேண்டும். பூனைமுடி என்று வாய் தவறிச் சொன்னவனுக்கு அன்று தேத்தண்ணி கிடையாது. அடுத்து கைப்பேசி வெளியே வரும். ஜனவரிப் படம் குளித்த ஈரத்தலையோடு உச்சி வெயிலில் எடுத்தது; ஜூன் படம் காயவைத்துச் சீவி, சாயங்கால நிழலில் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து "ஆறு மாச வளர்ச்சி" என்பார். முடி நடும் சிகிச்சை என்ற பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. "அது தோத்தவன் செய்றது. புதுசு ஒண்ணு வருது, இன்னும் அஞ்சே வருஷம்!"

அவர் புதுச் சிகிச்சையை நம்புகிறார் என்று சிரிப்பவர்கள் தப்பான இடத்தில் சிரிக்கிறார்கள். மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடமெல்லாம் முடி வளர்ந்ததால்தான் அது தலைக்குத் தடவும் மருந்தாகி, 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அண்ணன் தலையில் உருட்டும் ஊசி ரோலரும் வெறும் கதையில்லை. 2013-இல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் 100 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மினாக்சிடில் மட்டும், மறுபாதிக்கு அதோடு வாரம் ஒருமுறை ரோலரும் கொடுத்தார்கள். 12 வாரத்தில் முடி எண்ணிக்கை முதல் பாதிக்குச் சராசரியாக 22 கூடியது, ரோலர் பட்ட தலைகளுக்கு 91. சின்ன ஆய்வுதான், ஆனால் எண்ணிய விதத்தைப் பாருங்கள்: தலையைச் சிரைத்து எல்லா முடியையும் ஒரே நீளமாக்கி, ஒரு சதுர சென்டிமீட்டரைப் பச்சைகுத்தி அடையாளமிட்டு எண்ணினார்கள், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியாத ஒருவரை வைத்துப் படங்களை மதிப்பிட்டார்கள். அண்ணனின் ஆய்வில் நடுவருக்கு விடையும் முன்கூட்டியே தெரியும், தேத்தண்ணிக் காசு யார் கொடுப்பது என்பதும் தெரியும்.

ஆக, அண்ணனின் குறை நம்பிக்கை அல்ல, அவசரம். மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் பழைய முடி கொட்டிப் புதுமுடிக்கு வழிவிடுவதுண்டு. பலன் தெரிய நாலு மாதமாவது வேண்டும். அண்ணன் மூன்றாம் வாரம் சீப்பைப் பார்த்து அலறி, பாட்டிலை மச்சானிடம் தள்ளிவிட்டு, வெங்காயச் சாற்று எண்ணெய்க்குத் தாவுவார். அங்கிருந்து, சொந்த ரத்தத்தைச் சுழற்றித் தலையில் குத்தும் ஊசிக்கு. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பது இன்னொரு கணக்கு. சிரைப்பதால் முடியின் பருமனோ வேகமோ மாறாது என்று 1928-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். எண்ணத் தொடங்க அந்த மொட்டையைவிட நல்ல நாள் இல்லை, அவரோ மறுவாரமே குனிந்து "தெரியுதா?" என்பார்.

"1894-இல் நம்ம ரவாங்குக்கு மின்சாரம் வரும்னு யார் நம்பினா?" என்று அவர் மடக்குவார். நல்ல கேள்வி. ஆனால் சுரங்க முதலாளிகளான தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் கொண்டுவந்த மின்சாரம் ஈயச் சுரங்க வேலையில் இறங்கியது. ஓடுகிறதா என்று அவர்கள் யாரிடமும் குனிந்து கேட்கவில்லை. அவர் சொல்லும் அந்தப் 'புதுசு', 2012-இல் ஜப்பானில் ரோமமில்லா எலிக்கு முடி முளைக்கவைத்தது. எலிகள் அதற்குப் பிறகு நிம்மதியாக இருக்கின்றன. அண்ணனின் அஞ்சு வருஷம் மட்டும் அஞ்சாகவே இருக்கிறது. நடுவதும் மந்திரமல்ல என்று அவர் சொல்வது நியாயம்தான். பின்னந்தலை முடியை முன்னுக்கு இடம் மாற்றும் வேலை அது. மிச்ச முடி கொட்டாமலிருக்கப் பலருக்குப் பிறகும் மருந்து வேண்டும். ஆனால், நட்டது நிற்கிறதா இல்லையா என்று கண்ணாடியே சொல்லிவிடும்.

அவர் தலை, அவர் காசு, யாருக்கு நஷ்டம் என்பீர்கள். தன் தலையோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் இல்லை. இரும்புச்சத்து குறைந்தோ தைராய்டு கோளாறாலோ முடி கொட்டுகிற தங்கச்சிக்கும், திட்டுத்திட்டாக உதிர்கிற பையனுக்கும் வாட்சப்பில் அதே எண்ணெயைச் சிபாரிசு செய்கிறாரே, அங்கேதான் வேடிக்கை முடிகிறது. அவர்களுக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனையும் தோல் மருத்துவரும். பாட்டிலில் 'நோட்' (NOT) என்று தொடங்கும் எண் இருந்தால் அது அழகுசாதனம். மலேசியாவில் பதிவான மருந்துக்கு 'மல்' (MAL) எண் இருக்கும். இதைப் படிக்க டியூப் லைட் போதும்.

மற்றபடி, ரவாங்கில் இத்தனை பேருக்கு முன்னால் இத்தனை பணிவாகத் தலைகுனிகிற மனிதர் வேறு யாருமில்லை. ஒரே மருந்து, பச்சைகுத்திய ஒரு புள்ளி, ஆறு மாதம் "தெரியுதா" என்று கேட்காத வாய்: அண்ணனால் இதுவரை முடியாத சோதனை அது ஒன்றுதான்.