இருபது டாலர் வள்ளல்கள்

கொடையில் கரைகண்டவர்கள் யார் என்று கேட்டால், அமெரிக்காவில் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு உணவகத்துக்கு வரும் சில பக்தர்களைத்தான் காட்டுவேன். பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனான், சாமர்த்தியம் போதாது. இவர்கள் இருபது டாலர் கொடுத்துவிட்டு, அதே இருபது டாலரோடு காரில் வீடு திரும்புகிறார்கள்.

எப்படி என்கிறீர்களா? சாப்பிட்டு எழுந்த மேசையில், தட்டுக்கு அடியில் மடித்த நோட்டு ஒன்று பாதி தெரியும். ஜனாதிபதி ஜாக்சனின் முகம், மூலையில் 20. பரிமாறிய பெண் ஆசையாய் எடுத்து விரித்தால், உள்ளே உபதேசம்: பணத்தைவிடப் பெரிய செல்வம் உண்டு, இயேசுவிடம் வா. நோட்டுப்போல அச்சடித்த கைப்பிரதி அது. வேறு டிப்ஸ் கிடையாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்கிறது வேதம். இவர்கள் கொடுப்பது வலது கைக்கே தெரியாது.

அங்கே டிப்ஸ் என்பது மனமிரங்கிப் போடும் சில்லறை அல்ல, கூலியே அதுதான். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-லிருந்து அது நகரவில்லை. (சில மாநிலங்கள் தாங்களாகக் கூட்டியிருக்கின்றன.) மீதியைச் சாப்பிடுகிறவர்கள் பில்லில் நூற்றுக்கு 15, 20 என்று வைத்து நிரப்பவேண்டும். அப்படிப்பட்டவளுக்கு வாடகைக்காசுக்குப் பதில் பரலோகத்தையே எழுதிவைப்பதென்றால் எவ்வளவு தாராளம்! வீட்டுக்காரர் பரலோகத்தை வாடகையாக வாங்க மறுத்தால், அது அவருடைய விசுவாசக் குறைவு.

இருபதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. பத்து லட்சம் டாலர் நோட்டும் வந்தது. அப்படியொரு நோட்டை அமெரிக்க அரசு புழக்கத்தில் விட்டதே இல்லை. வட கரோலினாவில் யாரோ அதை வங்கியில் கட்டப்போக, 2006-ல் கள்ளநோட்டு பிடிக்கும் சீக்ரெட் சர்வீஸ்காரர்கள், டெக்சாஸில் அதை விநியோகித்த ஒரு கிறிஸ்தவ ஊழிய நிறுவனத்துக்குள் நுழைந்து ஆயிரக்கணக்கில் அள்ளிப்போனார்கள். கட்டப்போனவரின் விசுவாசத்தை மெச்சவேண்டும். அச்சடித்தவர்களுக்கே அவ்வளவு கிடையாது.

இவர்களோடு ஒப்பிட்டால் கோகோ கோலாவை வளர்த்த ஆசா கேண்ட்லர் வெறும் ஊதாரி. அவரும் மெதடிஸ்ட் பக்தர்தான், தம்பி பிஷப். இலவசக் கூப்பனை ஊரெங்கும் இறைத்தவர், அதை நீட்டியவனுக்கு நிஜமாகவே ஒரு கிளாஸ் பானம் ஊற்றிக் கொடுக்கவைத்தார். 1894 முதல் 1913 வரை சுமார் 85 லட்சம் கிளாஸ்! குடித்தவன் மறுநாள் காசு கொடுத்து வாங்க வருவான் என்பது கணக்கு. வியாபாரி பாவம், முதலில் எதையாவது கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

நல்ல டிப்ஸாக வையுங்கள், அதன்மேல் கைப்பிரதியை வையுங்கள் என்று மன்றாடும் போதகர்களும் அந்நாட்டில் உண்டு. சிக்கனத்தின் அருமை அறியாதவர்கள்.

இந்த நோட்டுகளைக் கட்டுக்கட்டாக விற்கக் கடைகள் இருக்கின்றன. ஒன்று மட்டும் வாசகர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: வாங்கப் போகிறவர்கள் நிஜப் பணம் எடுத்துப் போகவும். அந்தக் கடையில் இந்த நோட்டு செல்லாது.