அமைதியார் உபின் தீவுக்கு எழுந்தருளுகிறார்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், அமைதியாருக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிடும். மேல்வீட்டில் நடுராத்திரி யாரோ கோலி உருட்டுகிறார்கள். புளோக்குக்குக் கீழே யார் வீட்டுக் கல்யாணமோ, மைக்கில் மாப்பிள்ளையின் தோழன் பாடுகிறான். எதிர் புளோக்கில் ஒருவர் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார். “இந்த சிங்கப்பூர்ல மனுஷன் நிம்மதியா அஞ்சு நிமிஷம் உட்கார முடியுதா?” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போடுவார். ஆறு நிமிடம் ஓடும். கடைசி அரை நிமிடத்தில்தான் விஷயம் வரும்: சனிக்கிழமை புலாவ் உபின் போகிறோம், யாரெல்லாம் வருகிறீர்கள்?

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது நமக்கு வேண்டாம். எந்தத் தமிழ்க் குடும்பத்தை எடுத்தாலும் இவர் ஒருவர் இருப்பார், பெரியப்பாவாகவோ சின்ன மாமாவாகவோ அக்கா வீட்டுக்காரராகவோ. சீனக் குடும்பங்களிலும் மலாய்க் குடும்பங்களிலும் இவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் உண்டு. பேசும் மொழிதான் மாறும், பேச்சு மாறாது.

வயது ஐம்பது சொச்சம். தோ பாயோவில் ஏழாவது மாடியில் பிறந்து வளர்ந்தவர். கம்பத்து வாழ்க்கை என்பது அப்பா சொல்லிக் கேட்டதுதான். அப்பா சொன்ன கதைகளில் மழைக்கு வீட்டுக்குள் ஏறும் வெள்ளத்துக்கும் வாளிக் கக்கூஸுக்கும் பெரிய இடம் இருந்தது. மகன் அதையெல்லாம் கழித்துவிட்டு மாமரத்தையும் பூட்டாத கதவையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். எண்பதைத் தாண்டிய அந்தப் பெரியவரை உபினுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். “அதுலேர்ந்து தப்பிக்கத்தானேடா பிளாட்டுக்கு எழுதிப் போட்டேன்!” என்று சொல்லிவிட்டு ஏர்கானை இன்னும் ஒரு புள்ளி குறைப்பார்.

சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து பம்போட்டில் போனால் கால் மணி நேரத்துக்குள் தீவு. ஏறக்குறைய 10 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் கருங்கல்லால் பிழைத்த இடம். பெத்ரா பிராங்கா பாறைமேல் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை 1851இல் கட்டி முடித்தார்களே, அதற்குக் கல் போனது இங்கிருந்துதான். கடைசிக் கல்குவாரி 1999இல் மூடப்பட்டது. கல்லும் காசும் குறையக் குறையச் சனம் எதற்கு இருக்கும்? ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக அக்கரைக்குப் போய் வீவக வீடுகளில் குடியேறினார்கள். இன்று எஞ்சியிருப்பது சில பத்துப் பேர், தகரக்கூரை போட்ட பலகை வீடுகள், கிணறு, கோழி, வெயிலில் நடுரோட்டில் படுத்துக்கொண்டு சைக்கிளுக்கு வழிவிடாத நாய்கள். இந்தச் சில பத்துப் பேரின் அமைதியைக் கட்டிக்காக்கும் பொறுப்பைத்தான் அமைதியார் தன் தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்குச் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் படை திரளும். அமைதியார், மனைவி, மகன், சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மைத்துனர் குடும்பம், அலுவலக நண்பர் இருவர். நாசி லெமாக் பொட்டலங்களுக்கு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாக வேண்டும், தீவில் பசித்தால்? அமைதியார் முழங்கால் தெரியும் கால்சட்டை, பல பைகள் வைத்த மீன்பிடிக்காரர் மேற்சட்டை, மலையேறும் காலணி அணிந்திருப்பார். தீவின் உச்சி என்று சொல்லிக்கொள்ள அங்கே இருப்பது ஒரு குன்று. இடுப்பில் தண்ணீர்ப் புட்டி, கழுத்தில் தூரநோக்கி, முதுகுப்பையின் வளையத்தில் தொங்குவது ஒரு புளூடூத் ஒலிபெருக்கி. “அந்த அமைதிக்கு ராஜா பாட்டு சேர்ந்தாத்தான் முழுசா இருக்கும் மாப்ளே” என்று மைத்துனருக்கு விளக்குவார்.

தீவில் இறங்கியதும் சைக்கிள் கடைகள். அமைதியார் சைக்கிள் எடுக்கும் அழகைப் பார்க்கவே தனியாகப் படகேறலாம். முதலில் டயரை அமுக்குவார். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். பிரேக்கை இரண்டு தரம் பிடித்துப் பார்த்து ‘ம்ஹும்’ என்பார். ஆறாவது சைக்கிளுக்கு வரும்போது குடும்பம் முழுவதும் வண்டி எடுத்துக்கொண்டு கண்மறைந்திருக்கும். கடைசியில் தேறுவது முன்கூடை வைத்த, மணி அடிக்காத ஒரு ரோஜா நிற லேடீஸ் சைக்கிள். அதன் மணியைக் கடைக்காரர் மாற்றித் தரும்வரை நகரமாட்டார். அமைதியான இடம் பாருங்கள், மணி இல்லாமல் எப்படி?

கடைக்காரச் சீனப் பெரியவரிடம் அமைதியாருக்கு அலாதி மரியாதை. அவரை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு, பழைய பாசார் மலாயில் பேச்சுக் கொடுத்து, மைத்துனரை அருகே இழுத்து, “இவங்கதான் அசல் கம்பத்து ஆளுங்க. காலையில எந்திரிச்சா கிணத்துத் தண்ணி, ராத்திரி அரிக்கேன் விளக்கு. ஆசையே இல்லாத மனுஷன்” என்று தமிழில் அறிமுகம் செய்துவைப்பார். பெரியவர் சிரித்துக்கொண்டே சில்லறை எண்ணுவார். அவர் பாசிர் ரிஸ்ஸில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறார். விடிகாலை முதல் படகில் கடைக்கு வந்து அந்தி சாயத் திரும்புகிறவர். தீவில் கடை வைத்திருக்கும் பலரும் அப்படித்தான். இதை அவரே ஒருமுறை அமைதியாரிடம் சொன்னார். அமைதியார் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வார நாட்களில் கூட்டமே இல்லையே, பொழுது எப்படிப் போகிறது என்று நான் அந்தப் பெரியவரைக் கேட்டேன். “ரொம்ப அலுத்துப்போனால் கடையைச் சாத்திவிட்டுத் தெம்பனீஸ் கடைத்தொகுதிக்குப் போய் உட்காருவேன். குளுகுளுவென்று இருக்கும், யாரும் வந்து பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்” என்றார். அவர் அமைதி அவருக்கு.

மரத்தடியில் முதல் நிறுத்தம். எல்லாரையும் இறங்கச் சொல்லி, கண்ணை மூடி, மூச்சை உள்ளிழுத்து, “கேளுங்க… நல்லாக் கேளுங்க… இதான் அமைதி” என்பார் அமைதியார். கேட்டால், வேலிக்குப் பின்னால் டக டக டக என்று ஒரு டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். பெருந்தீவிலிருந்து இங்கே மின்கம்பி வரவில்லை. விளக்கு வேண்டுமானால் அவரவர் எண்ணெய் ஊற்றி ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். படகுத்துறைப் பக்கம் சூரிய ஒளி மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் திட்டம் 2013இல் வந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று அமைதியாருக்குச் சோறு இறங்கவில்லை. “கரன்ட் வந்துடுச்சுன்னா அந்தக் கம்பத்துக் களை போயிடும்ங்க!” என்று ஊரெல்லாம் புலம்பினார். புலம்பியபடியே குளிர்பானக் கடையில் தன் கைப்பேசியைச் சார்ஜில் போட்டார்.

அதே 2013இல் தீவின் 22 வீடுகளுக்கு நில வாடகை பற்றி அரசாங்கக் கடிதம் போய், காலி செய்யச் சொல்கிறார்களோ என்று ஊரே பரபரத்தது. யாரையும் கிளப்பும் எண்ணம் இல்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். வீட்டுக்காரர்கள் ஆறுதலடைந்தார்கள். அமைதியார் அடையவில்லை. தீவுவாசிகளைவிடத் தீவுவாசியாக இருப்பது எவ்வளவு சிரமம் என்று நமக்கு எங்கே தெரியும்?

கிழக்கு முனையில் செக் ஜாவா. மணல்திட்டு, கடற்புல், சதுப்புநிலக் காடு எல்லாம் ஓரிடத்தில் கூடும் கடற்கரை. அதைத் தூர்த்து நிலமாக்க இருந்த திட்டத்தை, மக்களும் இயற்கை ஆர்வலர்களும் எடுத்துச் சொன்ன பிறகு 2001 டிசம்பரில் அரசு தள்ளிவைத்தது. “அன்னிக்கு நாங்கல்லாம் குரல் கொடுக்கலேன்னா இது இருந்திருக்குமா?” என்று அமைதியார் நெஞ்சு நிமிர்த்துவார். அவர் முதன்முதலில் உபினுக்கு வந்தது ஒரு நிறுவனக் குடும்ப தினத்தில், அதற்குப் பல வருடம் கழித்து. மனைவி வாய் திறக்கமாட்டார். கணவன் பேச்சில் வருடக்கணக்கைத் திருத்துவதை அந்த அம்மாள் எப்போதோ நிறுத்திவிட்டார்.

செக் ஜாவாவை நீர் வற்றும் நேரம் பார்த்துப் போகவேண்டும். அப்போதுதான் நட்சத்திரமீனும் நண்டும் தெரியும். அமைதியார் சைக்கிள் தேர்ந்தெடுத்து, மூன்று இடத்தில் கண்மூடி, வந்து சேரும்போது கடல் கரைமுட்ட நிறைந்திருக்கும். “வெறும் தண்ணிதானப்பா தெரியுது” என்பான் மகன். “பார்க்கத் தெரியணும்டா” என்பார். அந்த நேரம் பார்த்து எல்லார் பையிலும் டிங் என்று ஒலிக்கும். எதிரே ஜொகூர். மலேசியாவுக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி. நடைபாலத்தின் நடுவில் பத்துப் பேரும் ரோமிங்கை அணைக்க முட்டி மோதுவார்கள். மைத்துனர் மட்டும், “ஒரே டிக்கெட்ல ரெண்டு நாடு!” என்று மகிழ்ந்துபோவார்.

அருகே 1930களில் ஒரு வெள்ளைக்காரர் ஓய்வெடுக்கக் கட்டிய ஆங்கிலேய பாணி வீடு இருக்கிறது. உள்ளே குளிர்காயக் கணப்பு. ஆமாம், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், சட்டை முதுகோடு ஒட்டும் இந்த வெக்கையில், கணப்பு! அமைதியாரின் பரம்பரை எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம்.

திரும்பி வந்தால் சைக்கிள் நிறுத்துமிடத்தில் குரங்குகள். நடைபாலத்துக்குள் சைக்கிளை விடமாட்டார்கள், வாசலில்தான் நிறுத்தவேண்டும். நாசி லெமாக் பை முன்கூடையிலேயே இருந்தது. குரங்குகள் முட்டையை எடுத்துக்கொண்டு சம்பலை மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தன. மிச்சத்தை ஒரு காட்டுப்பன்றியும் இரண்டு குட்டிகளும் கவனித்துக்கொண்டன. “அதுங்க இடம்ங்க இது, நாமதான் விருந்தாளி” என்று காலையில் சொற்பொழிவாற்றிய வாய், “ஏய்! சூ! போ!” என்று தீவு அதிரக் கத்தியது. நெடுங்காலம் சிங்கப்பூரில் காணாமல் போயிருந்து, இந்தத் தீவின் வழியாகத் திரும்பி வந்த இருவாச்சிப் பறவைகள், தூரநோக்கியில் சிக்குவதற்கு முன்பே எழும்பிப் பறந்தன.

1991இல் ஜொகூரிலிருந்து ஒரு யானை நீந்தி உபினுக்கு வந்து சேர்ந்தது. நானாகக் கட்டவில்லை, நடந்ததுதான். அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த யானை பாட்டுப் போடவில்லை, யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை, இலையைத் தின்றுகொண்டு தன்பாட்டுக்கு இருந்திருக்கும். திருப்பி அனுப்புவதில் ஒரு முறை வேண்டாமா?

பழைய கல்குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி இப்போது ஏரியாகக் கிடக்கிறது. அங்கே நாரைகளைப் பார்த்தபடி, ராஜா பாட்டைக் கொஞ்சம் குறைத்து வைத்து, அமைதியார் தன் வாழ்நாள் ஆசையை வெளியிடுவார். “ரிட்டயர் ஆனதும் இங்க வந்து இருந்துடப்போறேன். ஒரு பலகை வீடு, நாலு கோழி. மனுஷ மூஞ்சியே பார்க்க வேண்டாம்.” மைத்துனர் கொசு அடித்துக்கொண்டே தலையாட்டுவார். அமைதியாரோ குவாரிப் படத்தை ஐந்து குழுக்களில் பகிர்ந்து, கீழே ஒரு வரி எழுதுவார்: அருமையான இடம், கூட்டமே கிடையாது, யாருக்கும் சொல்லாதீர்கள்.

மாலை ஐந்தரைக்குப் படகுத்துறையில் ஆள் குறைந்துவிட்டது. பம்போட்டுக்கு நேரக்கணக்கு கிடையாது, ஆள்கணக்குதான். 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி. ஆள் குறைந்தால் குறைகிற பணத்தை இருக்கிறவர்கள் பகிர்ந்து கட்டிவிட்டுப் போகலாம். அமைதியார் எண்ணிப் பார்த்தார், 11 பேர். நாலு வெள்ளியைப் பதினொரு பேருக்கு வகுத்துப் பார்த்தார். மனம் ஒப்பவில்லை. நாள் முழுக்க மனித முகத்தை வெறுத்தவர், பாலத்தின் முனையில் நின்று இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, “பன்னெண்டாவது ஆள்! ஒரே ஒரு ஆள்! யாராச்சும் வாங்க!” என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கூவத் தொடங்கினார்.

கூவியது வீண்போகவில்லை. தூரத்தில் கைகோத்து நடந்து வந்த ஒரு இளஞ்சோடி ஓடி வந்து சேர்ந்தது. இப்போது 13 பேர். படகோட்டி தலையை ஆட்டிவிட்டார், பன்னிரண்டுக்கு மேல் ஏற்ற முடியாது. சோடி பிரிய மறுத்தது. அடுத்த படகு எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை.

மகன்தான் வழி சொன்னான். “அப்பா, நீங்கதானே இங்கேயே இருந்துடலாம்னு சொன்னீங்க?”

அமைதியார் அதற்குள் படகில் ஏறி, நனையாத நடு இருக்கையில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.