பாஸ் வாங்கலாமா?

பாரிஸ் போகிறோம். 'மியூசியம் பாஸ்' வாங்கினால் லாபமா?

உங்கள் கால்கள் ஒரு நாளைக்கு எத்தனை அருங்காட்சியகம் தாங்கும்? பாஸ் 2, 4, 6 நாள் என்று மூன்று வகை. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். திங்களன்று ஓர்சே, செவ்வாயன்று லூவர் என்று போனால் இரண்டு பூட்டுகளைத் தரிசிக்கலாம். மாற்றிப் போட்டால் இரண்டு கதவும் திறக்கும்! போக விரும்பும் இடங்களின் கட்டணத்தை முதலில் கூட்டிப் பாருங்கள். பாஸ் விலையைத் தாண்டினால் மட்டும் வாங்குங்கள்.

ஈபிள் கோபுரமும் அதில் அடக்கமா?

இல்லை. அண்ணாந்து பார்க்க மட்டும் எப்போதும் இலவசம்.

மகனுக்கு 16 வயது. அவனுக்கும் ஒன்று வாங்கட்டுமா?

அவன் வயதுதான் அவனுக்குப் பாஸ். 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு லூவரும் ஓர்சேவும் இலவசம். பிறந்த தேதி காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பாஸ் இருந்தாலும் லூவருக்கு நேரம் முன்பதிவு செய்வது அவசியம்.

திரும்பும் வழியில் லண்டன். அங்கே?

பிரிட்டிஷ் மியூசியத்தின் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணமே கிடையாது; நேஷனல் கேலரிக்கும் அப்படித்தான். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் நம் நாட்டு அமராவதிச் சிற்பங்களை நமக்கே காசுக்குக் காட்டினால் நியாயமா? அவற்றின் உடன்பிறப்புகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விமானம் ஏறுமுன் அவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.