சுவரைத் துண்டு போட்டு விற்கும் ஊரிலிருந்து

பெர்லின்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு மருமகன் எழுதிக்கொண்டது.  

ஞாயிற்றுக்கிழமையானால் மதுரைத் திலகர் திடல் சந்தைக்குப் போய் ஸ்பேனர், சுத்தியல், மூடியில்லாத பிளாஸ்க் என்று எதையாவது தூக்கிவந்து அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்களே, அந்த வியாதி இந்த ஊரிலும் இருக்கிறது மாமா. முற்றியவர்கள் எல்லாம் வாராவாரம் மௌவர்பார்க் என்ற பூங்காவில் கூடுகிறார்கள்.

போகாமல் இருக்கவும் வழியில்லை. ஞாயிறன்று இங்கே பெரும்பாலான கடைகள் திறக்கக் கூடாது. 1919-இல் எழுதிய அரசியல் சாசனத்திலேயே அது ஓய்வு நாள் என்று போட்டுவிட்டார்கள். 1949-இல் புதுச் சாசனம் எழுதியபோதும் அந்த வரியைக் கைவிடவில்லை. சனிக்கிழமை பால் வாங்க மறந்தால் திங்கட்கிழமை வரை கட்டங்காப்பிதான். ராத்திரி ரெண்டு மணிக்குச் சுடச்சுட இட்லி தின்று வளர்ந்தவனுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். அன்று களைகட்டும் வியாபாரம் பழைய சாமான் சந்தைதான். அதனால் ஊரே அங்கே.

சந்தை நடக்கிற இடமும் லேசுப்பட்டதில்லை. 1961 முதல் 1989 வரை பெர்லினை இரண்டாகப் பிரித்த சுவர் ஓடிய பட்டை இது. துப்பாக்கியோடு காவல் நின்ற நிலத்தில் இப்போது ஒருவர் கிராமபோன் தட்டு விற்கிறார். பக்கத்துக் கடைக்காரர் அந்தச் சுவரையே விற்கிறார்! வண்ணம் அடித்த சிமெண்டுச் சில்லு, சின்ன டப்பாவில் போட்டு ஐந்து யூரோ. நிஜச் சுவரா, நேற்று உடைத்த மாட்டுக்கொட்டகையா என்று கேட்டால் உள்ளூர்க்காரர்களே சிரிக்கிறார்கள்.

நமக்கு இந்தப் புத்தி ஏன் வரவில்லை மாமா? 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே சொந்தம் என்றார். நம்மாட்கள் கிட்டத்தட்ட மொத்தக் கோட்டையையும் பள்ளத்தில் கொட்டி, மேலே வெளிவீதிகளைப் போட்டு, அவர் நினைவாக விளக்குத்தூணும் நட்டுவிட்டு, அங்கேயே ஜவுளி வாங்கப் போய்விட்டார்கள். ஒரு கல்லை டப்பாவில் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கு நாம் யார்!

சாமான்களில் எனக்குப் பிடித்தது கிழக்கு ஜெர்மனிச் சரக்கு. அந்த நாடே இப்போது இல்லை. அங்கே செய்த மிக்சர் ஓடுகிறது. ஆர்ஜி 28 என்று ஒரு கை மிக்சர், சூல் என்ற ஊரின் ஆலையில் செய்தது. விற்பவர் ஒயரைச் சொருகி ஓட்டிக் காட்டி மார்தட்டுகிறார். கேக் மாவு அடிக்க அது போதும். நம் உளுந்தும் தேங்காயும் வேறு சங்கதி. சீமென்ஸில் வேலை பார்த்த மாத்தூர் என்ற எஞ்சினியர் வீட்டில் நம்மூர் மசாலாவை அரைத்து ஒரு ஜெர்மன் மிக்சி புகைந்துபோனது. அந்தக் கோபத்தில்தான் அவர் 1963-இல் சுமீத் மிக்சி செய்தார். இதை அந்த விற்பனையாளரிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

பேரம் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வித்தை இங்கே செல்லாது. காப்பிக்கொட்டை அரைக்கும் கை மில் ஒன்று, சாசன்ஹவுஸ் கம்பெனியுடையது. இருபது யூரோ என்றார் ஒரு பெரியவர். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி “கைப்பிடி ஆடுதே, எட்டுக்குத் தருவீங்களா?” என்றேன். “அது என் அம்மா அரைத்த மில்” என்றார். இங்கே விற்பவர்களில் பாதிப் பேர் வியாபாரிகளே இல்லை. மேசைக்கு வாடகை கட்டிச் சொந்த வீட்டுப் பரணைக் கொண்டுவந்து பரப்புகிறார்கள். சரக்கைக் குறை சொன்னால் குடும்பத்தையே சொன்ன மாதிரி. சரி, கடைசி அஸ்திரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். திலகர் திடலில் நாலு அடி வைப்பதற்குள் “அண்ணே, போணி நேரம், வந்து எடுத்துட்டுப் போங்க” என்று குரல் வரும். பெரியவர் ரொட்டியைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார்.

பலிக்கிற உபாயம் ஒன்றுதான்: பொழுது சாய்கிற வரை காத்திருப்பது. விற்காததைத் திரும்பச் சுமக்க வேண்டுமே! மில் பத்து யூரோவுக்கு வந்தது. கொசுறாக ஒரு கரண்டியும் கொடுத்தார்.

நடுவே திறந்தவெளி அரங்கத்தில் கரோக்கே. முன்பின் தெரியாதவர்கள் மேடையேறிக் கத்த, நூற்றுக்கணக்கானோர் கைதட்டுகிறார்கள். அவர்கள் குடித்துப் போடும் டப்பாவைப் பொறுக்கிக் கடையில் கொடுத்தால் 25 சென்ட் என்பதால், பாட்டைவிடக் காலி டப்பாவில் கண்ணாய் இருப்பவர்களும் உண்டு.

எழுத உட்கார்ந்ததே இந்தச் சங்கதிக்காகத்தான் மாமா. கடைசி வரிசையில் ஒரு பித்தளைத் தூக்குவாளி, அறுபது யூரோ. பூ வைக்கும் ஜாடி என்று சொல்லி விற்றார்கள். திருப்பிப் பார்த்தால் அடியில் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்து: யாரோ ஒரு அம்மாளின் பெயர், கல்யாணத் தேதி. எந்த ஊர்ப் பாத்திரக்கடை வாசலில் உளி வைத்து வெட்டிய சீர்ப் பாத்திரமோ, யார் வீட்டில் பேரீச்சம்பழத்துக்குப் போட்டார்களோ!

பரணில் இருக்கும் அம்மாச்சியின் செம்புத் தவலை, பித்தளை அண்டா இரண்டையும் பழைய பாத்திரக்காரர் என்ன விலை கேட்டாலும் கொடுக்காதீர்கள். அத்தை இடத்தை அடைக்கிறது என்று சொன்னால், எனக்கு என்று சொல்லி ஓரமாக வையுங்கள். தை மாதம் லீவில் வருகிறேன்; வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்