சஞ்சுவும் நமத்தலும்: மஞ்சள் அணியின் ஆட்டமரபு குறித்து வாழப்பாடியிலிருந்து ஒரு முதற்கட்ட ஆய்வு

2025 நவம்பர் 15 அன்று சஞ்சு சாம்சன் 18 கோடி ரூபாய்க்கு ராஜஸ்தான் ராயல்ஸிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்தார். பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். அன்று மாலை வாழப்பாடி பஸ் நிலைய டீக்கடை பெஞ்சில் ஒரு வினா எழுந்தது: "இவன் நம்ம ஸ்டைலுக்கு செட் ஆவானா?" இவ்வினாவை அறிஞர் எவரும் இதுகாறும் முறையாக ஆராயவில்லை என்பது வேதனைக்குரியது. (ஆய்வுக் கட்டுரை என்றால் முதல் பத்தியிலேயே ஒருமுறை வேதனைப்பட்டுவிட வேண்டும்.)

ஆய்வுக்களமாக வாழப்பாடியைத் தேர்ந்ததற்கு நான் இங்கே குடியிருப்பது காரணமல்ல. 2020 பிப்ரவரியில் பக்கத்துக் காட்டுவேப்பிலைப்பட்டியில் கிரிக்கெட் மைதானம் திறந்தபோது ராகுல் திராவிட் வந்திருந்தார். அதே திராவிட் 2025-இல் ராஜஸ்தான் அணியின் தலைமைப் பயிற்சியாளர். சஞ்சு அதன் கேப்டன். ஆகவே சஞ்சுவுக்கும் வாழப்பாடிக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. இதைவிட மெல்லிய நூலில் அரச வம்சங்களையே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

முதலில், 'ஸ்டைல்' என்றால் என்ன? மூலபாடத்தில் குழப்பம் இருக்கிறது. டீக்கடைப் பிரதியின்படி, "கடைசி ஓவர் வரைக்கும் இழுக்கறது." சலூன் பிரதியில், "வயசானவங்கள வெச்சே ஜெயிக்கறது" என்று பாடபேதம். முப்பது தாண்டியவர்கள் நிறைந்த அணி 2018-இல் கோப்பை வாங்கியதைச் சலூன் மரபினர் சான்றாகக் காட்டுவர். மூன்றாவது பிரதி, ஆத்தூர் போகும் பஸ்ஸின் கடைசி சீட்டில் வாய்மொழியாகக் கிடைத்தது: "ஸ்டைலாவது ஒண்ணாவது, தோனி என்ன பண்றாரோ..." இவ்விடத்தில் பெத்தநாயக்கன்பாளையம் வந்துவிட, சொன்னவர் இறங்கிப் போனார். எஞ்சிய ஏடு கிடைக்கவில்லை. கிடைக்காத பகுதியே சிறந்த பகுதி என்ற மரபுப்படி, அதைப் பற்றி மட்டும் ஒரு கருத்தரங்கு நடத்த உத்தேசம்.

டீக்கடைப் பிரதி சொல்லும் இழுவை தோன்றிய காலம் குறித்தும் கருத்து வேறுபாடு உண்டு. 2008 என்பர் ஒரு சாரார். இல்லை, 2010-இல் தர்மசாலாவில் இர்பான் பதானின் கடைசி ஓவரைப் பொளந்துவிட்டு, தோனி தன் ஹெல்மெட்டைத் தானே குத்திக்கொண்ட அன்றுதான் என்பர் மறுசாரார். மொத்தமே இரண்டு ஆண்டு வித்தியாசம். தொல்காப்பியர் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் இழுத்துப் பழகிய பேராசிரியர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இழுவைதான் தகுதி என்றால் சென்னை அணி எடுத்திருக்க வேண்டியது அவர்களைத்தான்.

இனிப் பொருத்தங்கள்.

கீப்பிங் பொருத்தம்: தோனியும் கீப்பர், இவரும் கீப்பர், ஒரே உறையில் இரண்டு கத்தி.

சம்பளப் பொருத்தம்: கேப்டன் ருதுராஜுக்கும் 18 கோடி, இவருக்கும் 18 கோடி, வீட்டில் சண்டை இல்லை.

ஊர்ப் பொருத்தம்: விழிஞ்ஞம் பக்கத்துக்காரர், எட்டிப் பார்த்தால் கன்னியாகுமரி மாவட்டம்.

நமத்தல் பொருத்தம்: இதுவே நம் ஆய்வின் உயிர்நாடி. சற்று விரிவாகக் காண்போம்.

சேலத்துத் தட்டுவடை செட்டை அறியாதார் இக்கட்டுரையை இத்துடன் நிறுத்திவிடலாம். இரண்டு சிறு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும். மேலும் கீழும் காரச் சட்னி, பச்சைச் சட்னி. கையில் வாங்கியதும் முழுசாக வாயில் போட வேண்டும். தாமதித்தால் நமத்துவிடும். சஞ்சுவின் ஆட்டம் இவ்வகையைச் சேர்ந்தது என்பது என் கருதுகோள். முதல் பந்திலிருந்தே மொறுமொறு. சென்னையின் மரபோ குச்சிக்கிழங்கு. அடுப்பில் ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே வேகாது.

கருதுகோளைச் சோதிக்க இரண்டு செட் வாங்கினேன். ஒன்றை உடனே தின்றேன், ஒப்பீட்டுக்கு. மற்றதைக் கடிகாரத்தோடு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நிமிடம்: மாற்றமில்லை. மூன்றாம் நிமிடம்: பீட்ரூட் சாறு அடித்தட்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகக் கசிந்தது. ஐந்தாம் நிமிடம்: நடுப்பகுதி லேசாகக் குழிந்தது. அப்போது கடைக்காரர், "தின்னுபுடுங்க சார், நமத்துப் போயிரும்" என்றார். இத்துறையின் ஆகப் பழைய சூத்திரம் இதுவே என்று கருதுகிறேன். விளக்கம் கேட்டபோது உரையாசிரியர் அடுத்த செட் போடப் போய்விட்டார். ஏழாம் நிமிடம்: விரலால் அழுத்தினேன், விரல் மறுபக்கம் வந்தது.

(காண்க: என் முந்தைய ஆய்வு, 'ஜடேஜாவின் வாள்சுழற்சியும் பாக்கு உரிக்கும் கத்தியும்', பால் கணக்கு நோட்டு, பின்னட்டையின் உட்புறம், சிந்திய காபிக்குக் கீழே நான்காம் வரி. அவ்வரியை மறுத்து எழுதியவரும் நானே.)

எதிர்வாதமும் உண்டு. 2021 ஏப்ரல் 12, வான்கடே. பஞ்சாப் வைத்த 222 இலக்கைத் துரத்திய சஞ்சு 119 எடுத்து, ஆட்டத்தைக் கடைசிப் பந்து வரை இழுத்தார். இரண்டு பந்தில் ஐந்து ரன் வேண்டும். ஓடி வந்த கிறிஸ் மோரிஸை, 16.25 கோடி ஆளை, பாதியில் திருப்பி அனுப்பினார். கடைசிப் பந்தில் கேட்ச். நான்கு ரன்னில் தோல்வி. ஆக, இழுவை உண்டு, முடிப்புதான் இல்லை.

குச்சிக்கிழங்கின் நிலையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2025-இல் வேகவைத்து, வேகவைத்து, தண்ணீர் வற்றிச் சட்டி அடிப்பிடித்தது. சென்னை வரலாற்றிலேயே முதன்முறையாகப் பட்டியலில் கடைசி. பாதியில் 17 வயது ஆயுஷ் மாத்ரேயையும் டெவால்ட் பிரெவிஸையும் கொண்டுவந்து அடுப்பையே மாற்றினார்கள். ஆகவே சஞ்சு பொருந்த வேண்டிய ஸ்டைல், அவர் வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிட்டது. தவிர, 2012-இல் ஜடேஜா வந்தபோது என்ன ஸ்டைல் பார்த்தோம்? 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நான்கும் அடித்தார். அதுதான் நம்ம ஸ்டைல் என்று மறுநாளே பெஞ்சு உரை எழுதிவிட்டது.

உள்ளூர்ப் பொருத்தம் என்றொரு பிரிவையும் திட்டமிட்டிருந்தேன். சின்னப்பம்பட்டி நடராஜன் நம் மாவட்டத்துப் பிள்ளை. 2017-இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, பிறகு ஹைதராபாத், 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி 10.75 கோடி. அவர் ஏன் மஞ்சளுக்கு செட் ஆகவில்லை என்று கேட்டதும் பெஞ்சு டீயைக் குடித்துவிட்டு எழுந்தது. இந்த ஏடு முழுக்கக் கறையான்.

ஏழாம் நிமிடத்துச் செட்டைக் கீழே போட மனமில்லாமல் அதையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஆய்வுக்குள் இதைச் சொன்னால் கருதுகோள் கெடும் என்று அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன். அடிக்குறிப்புக்கு இடமில்லை என்று ஆசிரியர் அதை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.