நத்தைக்கு விசா கிடைத்துவிட்டது

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 'செம்ம' என்றொரு உணவகம் இருக்கிறது. 2021இல் திறந்தார்கள், மறு வருடமே மிஷெலின் நட்சத்திரம். சமையல்கட்டை ஆள்பவர் நத்தத்திலிருந்து போன விஜய் குமார். 2025இல் ஜேம்ஸ் பியர்டு சமையல் விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். மறுநாள் காலையே தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள் மொத்தமும் அவருக்குப் பங்காளி ஆகிவிட்டன.

அங்கே பேர்போன பண்டம் நத்தைப் பிரட்டல். வயல் வரப்பில் பொறுக்கி, கழுவி, ஓடு நீக்கிச் சமைக்கிற அதே நத்தைதான். காசில்லாத வீட்டுக் கறி என்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்ட சமாச்சாரம். அதைத் தின்கிற பிள்ளை என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சு காலியாகும். பிரெஞ்சுக்காரன் வெண்ணெயும் பூண்டும் போட்டுத் தின்றால் மட்டும் அது நாகரிகம்.

இப்போது அந்த மூக்குகளே மன்ஹாட்டனில் ஒரு மேசை பிடித்துத் தரச் சொல்லி அமெரிக்க மருமகனை நச்சரிக்கின்றன. டாலரில் விலை போட்டால் நத்தைக்கும் குலம் உயர்ந்துவிடும்போல. (கறி ருசியானதுதான். அது வரப்பிலேயே தெரிந்த விஷயம்.)

நம்மூர்க் கல்யாணப் பந்தியிலோ இன்னும் கோபி மஞ்சூரியன்தான் மாப்பிள்ளை. பெருமையில் பூரிக்கும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த பத்திரிகை அடிக்கும்போது 'பந்தியில் நத்தை உண்டு' என்று ஒரு வரி சேருங்கள். எத்தனை பேர் மொய்யோடு வருகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.